கழுத்துயரப் பாத்தி

"பயம் எப்பப் போகும், அம்மை?" என்று நாயகம் கேட்டார்.

அவருக்கு அறுபது வயது. அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அம்மைதான் ஆற்றங்கரை மடத்தின் குரு. பெரியவர்களும் அவரை அம்மை என்றுதான் கூப்பிட்டார்கள்.

வெள்ளம் வடிந்து இருபது நாள் ஆகியிருந்தது. அந்த வெள்ளத்தில் நாயகம் தன் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்தார். மனைவி பூரணவல்லி பக்கத்தில் நின்றாள். தண்ணீர் இறங்கியபோது அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். வீடும் மிஞ்சவில்லை. மடத்துக்கு வந்துவிட்டார்.

செம்பில் தண்ணீர் குடிக்கும்போதுகூட அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மை தோட்டத்தைக் காட்டினார்.

தோட்டம் முழுக்கச் சேறு. தூறல் விழுந்தாலே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. எதை நட்டாலும் வேர் அழுகியது. பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்த முப்பது பேருக்கு மடத்திலிருந்துதான் சோறு போனது. காய் கிடையாது. நாலு தட்டுக் கத்தரி நாற்று மட்டும் தப்பியிருந்தது.

"பாத்தியைத் தரைக்கு மேல கட்டணும்," என்றார் அம்மை. "நாலு பக்கமும் பலகை அடைச்சு, உள்ள மண்ணு போட்டு."

"பலகைக்கு எங்க போக?"

அம்மை ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார்.

வெள்ளம் ஒதுக்கிய சாமான்கள் அங்கே குவிந்து கிடந்தன. கதவு, ஜன்னல் சட்டம், தகரம், கால் உடைந்த கட்டில். ஒரு கதவில் யாரோ வைத்த குங்குமப் பொட்டு இன்னும் அழியவில்லை.

நாயகம் தள்ளி நின்றார். "இதெல்லாம் யாரு வீட்டுக் கதவோ."

"ஆமா," என்றார் அம்மை. ஒரு கதவின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனை சேற்றில் இழுபட்டது.

நாயகம் கிட்டே வந்தார். பிறகு மறுமுனையைப் பிடித்தார்.

தோட்டத்தில் இறக்கியதும் கேட்டார்: "எவ்வளவு உயரம் வைக்க?"

"உங்களுக்கு எவ்வளவு வேணுமோ வைங்க."

முதலில் முழங்கால் உயரத்துக்கு அடைத்தார். போதாது என்று தோன்றியது. இடுப்பு உயரத்துக்கு ஏற்றினார். அதுவும் போதவில்லை. ஏழாம் நாள் எல்லாவற்றையும் பிரித்துவிட்டுக் கதவுகளை நெட்டுக்கு நிறுத்தினார். கதவோடு கதவாகக் கம்பி போட்டு முறுக்கினார்.

மடத்துச் சமையல்காரர் ஆவுடையப்பன் வந்து சுற்றிப் பார்த்தார். "இது பாத்தியா, கோட்டையா?"

நாயகம் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு."

ஆவுடையப்பன் போய் ஒரு கூடை மண் எடுத்து வந்தார்.

அம்மையும் சுமந்தார். உள்ளங்கை கொப்புளம் உடைந்து துணி சுற்றிக்கொண்டு சுமந்தார். மண் கழுத்தளவு ஏறிய அன்று நாயகத்திடம் கேட்டார்: "போதுமா?"

"இன்னும் ஒரு சாண்."

அம்மை கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

பாத்தியின் நிழலில் நாற்றுத் தட்டுகளை வைத்திருந்தார்கள். மறுநாள் நடுவதாகப் பேச்சு.

அன்று மதியமே வானம் இருட்டியது.

மழை கொட்டியது. நாயகமும் அம்மையும் கூரையடிக்கு ஓடினார்கள். தோட்டத்தில் தண்ணீர் ஏறுவதை நாயகம் பார்த்தார். கணுக்கால். கெண்டைக்கால். அவர் முதுகு சுவரோடு ஒட்டிக்கொண்டது.

கம்பி முறுக்கு ஒன்று தெறித்தது.

ஈரமண் உள்ளிருந்து தள்ளியது. கதவுகள் வயிறுபோலப் புடைத்தன.

"நாத்து," என்றார் அம்மை. இறங்கி ஓடினார்.

"வேண்டாம் அம்மை. திரும்பி வாங்க."

அம்மை குனிந்து இரண்டு தட்டுகளை எடுத்தார். மூன்றாவதற்குக் கை நீட்டியபோது இரண்டு கதவுகள் வாய் பிளந்தன. மண் சரிந்து அவரை இடுப்புவரை மூடியது. இன்னொரு கதவு அவர் தலைக்கு நேரே சாய்ந்து, ஒற்றைக் கம்பியில் தொங்கியது.

ஆவுடையப்பன் பின்கட்டில் இருந்தார். கூப்பிட்டால் கேட்காது.

நாயகம் ஒரு காலை வைத்தார். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. கண்ணை மூடினார். மூடினால் அம்மை தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபடியே நடந்தார்.

தொங்கிய கதவைத் தோளால் தாங்கினார். இரண்டு கையாலும் மண்ணைப் பறித்தார். நகம் பெயர்ந்தது. அம்மையின் இடுப்பு வெளியே வந்தது, பிறகு ஒரு கால், பிறகு மற்றது. இருவரும் தடுமாறி விலகியபோது பின்னால் கதவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

கூரையடியில் வந்து உட்கார்ந்தார்கள். அம்மை தட்டுகளை விடவில்லை. இரண்டு தட்டும் கிடுகிடு என்று ஆடின.

குளிர் என்று நாயகம் நினைத்தார். தன் துண்டைப் போர்த்தினார். நடுக்கம் நிற்கவில்லை.

"இடிஞ்சு விழும்னு உங்களுக்குத் தெரியாதா?" நாயகம் கேட்டார். "நான்தான் புத்தி இல்லாம ஏத்துனேன். நீங்க ஏன் தடுக்கல?"

அம்மை மழையைப் பார்த்தார்.

"வெள்ளத்தன்னிக்கு நான் மடத்துக் கூரைமேல இருந்தேன். என்கூட ஏறுன ரெண்டு பேரு இப்ப இல்ல. அதுலேர்ந்து எனக்கும் தூக்கம் கிடையாது," என்றார். "நீங்க ஏத்த ஏத்த, இன்னும் கொஞ்சம் உயரட்டும்னுதான் எனக்கும் இருந்துச்சு."

நாயகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வெயில் அடித்தது. அம்மை வெளியே வந்தபோது நாயகம் சேற்றில் நின்று ஒரு கதவைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரம்பமும் கரித்துண்டும் இருந்தன.

"அம்மை, இப்படி உக்காருங்க. கையை நீட்டுங்க."

"எதுக்கு?"

"பாத்தியோட நடுவுல காய்க்கிற கத்தரிக்காயைக் ஓரத்துல நின்னே பறிக்கணும்ல. உங்க கை நடுவு வரைக்கும் எட்டுற அளவுக்கு மேல அகலம் வைக்கக் கூடாது. உயரம் முழங்கால் வரைக்கும் போதும்."

அம்மை உட்கார்ந்தார். கையைக் கதவின்மேல் நீட்டினார். விரல் நுனி பலகையில் தட்டிக்கொண்டே இருந்தது.

"நடுங்குதே," என்றார்.

"நடுங்கட்டும் அம்மை," என்று சொல்லி, நாயகம் விரல் நுனி தொட்ட இடத்தில் பலகைமேல் கரியால் கோடு போட்டார்.