பேச்சு நின்றால் நடை

தென்காசிப் பக்கம் நெடுந்தூர ஓட்டம் சொல்லிக்கொடுத்த இசக்கியம்மாளுக்கு வயது நாற்பது. அவளுடைய மாணவர்களில் மூத்தவரான திருவேங்கடத்துக்கு அறுபது. ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர். குரு தன்னைவிட இளையவராக இருக்கலாம் என்பதை அவர் மனமார ஒப்புக்கொண்டிருந்தார். அவள் சொன்னபடி ஓடி முழங்கால் வலி போன பிறகு.

ஒருநாள் ஓடும்போது அவருடைய கைக்கடிகாரம் நாடித்துடிப்பைத் தாறுமாறாகக் காட்டியது. கடிகாரம் கெட்டுவிட்டது என்று வேறொன்று வாங்கினார். அதுவும் அப்படியே காட்டியது. ஓட்டக்காரர்கள் கடிகாரத்தைச் சந்தேகிப்பார்கள், இதயத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள். இன்னொன்றும் வாங்கிக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவரிடம் போனார்.

"கடிகாரங்கள் எல்லாம் நலம்" என்றார் மருத்துவர். "உங்கள் இதயத்தின் மேலறைதான் தாளம் தப்பித் துடிக்கிறது. வருடக்கணக்கில் கடுமையாக ஓடுகிறவர்களில் சிலருக்கு இப்படி வரும். மாத்திரை தருகிறேன். மெதுவாக ஓடலாம். மலை ஓட்டம் மட்டும் வேண்டாம்."

மலை ஓட்டப் போட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதற்காகத்தான் அவர் இத்தனை நாளும் ஓடியிருந்தார்.

மறுநாள் விடிந்ததும் குளக்கரையில் குருவைப் பிடித்தார்.

"இதயம் நல்லா இருக்கணும்னுதானே ஓடினேன் மாஸ்டர். ஓடினதே அதைக் கெடுத்தா எப்படி? ஓடுறது நல்லதா, கெட்டதா?"

இசக்கியம்மாள் ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டே கேட்டாள். "காலேஜ்ல நீங்க எதை நடத்துனா பிள்ளைக தூங்கும்?"

"மண்புழு."

"அதைச் சொல்லிக்கிட்டே ஓடி வாங்க. பேச்சு எங்க திக்குதோ அங்க நடப்போம்."

இருவரும் கிளம்பினார்கள். மண்புழுவின் தோலில் தொடங்கினார் திருவேங்கடம். கரை ஏற்றத்தில் ஒரு வாக்கியம் பாதியில் அறுந்தது. குரு உடனே நடந்தாள். அவருக்கு அவமானமாக இருந்தது. மூச்சு திரும்பியதும் வாக்கியத்தை முடித்தார், மறுபடி ஓடினார்கள்.

பின்னால் வந்த மாணவர்கள் தாண்டிப் போனார்கள். "என்ன சார், மாஸ்டருக்கு அரியரா?" என்றான் ஒருவன்.

"பெயிலாக்கிருவேன் போல" என்றார் அவர்.

பிறகு அவருக்குப் பாடத்தில் ருசி தட்டியது. "ஜோடி ஜோடியா இதயம் மாஸ்டர் அதுக்கு. ஆனா ஓடவே ஓடாது."

"ஓடாததுக்கு எதுக்கு சார் அத்தனை?"

"அதையேதான் நானும் கேக்கேன். எனக்கு இருக்கிறது ஒண்ணு, அதுவும் ஒழுங்கா இல்ல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். குளத்தில் ஒரு நாரை நின்றது. இந்தக் கரையில் நாரை உண்டு என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மண்புழுவை விட்டுவிட்டு நாரையைப் பிடித்துக்கொண்டார். ஆலமரம் வந்து அவள் நின்றபோதுதான், வழி முழுக்க ஒரு தடவைகூட மணிக்கட்டைப் பார்க்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

"சந்தோஷமாத்தான் இருந்துச்சு" என்றார். "ஆனா தாக்குப்பிடிக்கிறதுதான் ஓட்டம்னு நீங்கதானே சொல்லுவீங்க? இதுல தாக்குப்பிடிக்க என்ன இருக்கு மாஸ்டர்? ஒரு கஷ்டமும் இல்லையே."

இசக்கியம்மாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு இல்ல சார். பாடத்தைக் கேட்டது நான். அந்த மலையெல்லாம் எனக்கு ஏறிப் பழகிப்போச்சு. ஞாயித்துக்கிழமை நானும் போகல. நாரையில பாக்கி இருக்கே, இங்கயே வந்து சொல்லுங்க, தாக்குப்பிடிக்கேனான்னு பாப்போம்."