பழைய எண்ணின் வாசல்

திருநெல்வேலியில் இணையதளங்களைப் பராமரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் நாச்சியார் குரு, சௌந்தரபாண்டியன் சீடர். குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்திரண்டு, முன்பு தொலைபேசிக் கம்பம் ஏறியவர். முதலில் கேலிக்குத்தான் 'குருவே' என்று கூப்பிட்டார். நாளடைவில் கேலி போய்விட்டது, கூப்பிடுவது நின்றபாடில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு அவர் முகம் வெளிறி வந்து நின்றார்.

"குருவே, நர்சிங் காலேஜ் தளம் பாதிப் பேருக்குத் திறக்கலையாம். அஞ்சு மணியோட விண்ணப்பம் முடியுது. எம் மக செல்வநாயகியும் தென்காசியில உக்காந்து அழுதுட்டு இருக்கா."

"என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?"

"நேத்து சாயங்காலம் தளத்தைப் புது மெஷினுக்கு மாத்தினேன். பேரு அதேதான், எண்ணு மட்டும் புதுசு. பேரைக் கேட்டா எண்ணைச் சொல்லுற பெயர்ப் பதிவுல புது எண்ணை எழுதிட்டேன். பழைய மெஷினைக் கழட்டிட்டேன். எந்தத் தப்பும் இல்ல. இவங்க ஏன் பழைய எண்ணுக்கே போறாங்க?"

தப்பே செய்யாதவரிடம் என்ன பேசுவது?

"எனக்கு ஒரு போன் போடுங்க" என்றார் குரு.

"எதிர்லதான நிக்கேன்!"

"போடுங்க."

சீடர் பல்லைக் கடித்துக்கொண்டு குருவின் பெயரை அழுத்தினார். மேசைமேல் இருந்த குருவின் போன் வாயே திறக்கவில்லை. நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை என்றாள் பதிவுக் குரல்காரி.

"திங்கட்கிழமை நம்பர் மாத்திட்டேன். ஆபீஸ் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"நான் நோட்டைப் பாக்கலையே."

"ஏன் பாக்கல?"

"அதான் போன்லயே உங்க நம்பர் இருக்கே. எதுக்குப் போயி நோட்டை..."

பழைய எண்ணையே நம்பிய தன் போனைச் சீடர் உற்றுப் பார்த்தார்.

குரு மெதுவாகக் கேட்டார். "கேக்குற கம்ப்யூட்டரெல்லாம் இந்த எண்ணை எவ்வளவு நேரம் ஞாபகம் வச்சுக்கலாம்னு பதிவுல ஒரு வரி இருக்கும்லா. என்ன போட்டிருந்தீங்க?"

"ரெண்டு நாள்." சீடர் தலையில் கைவைத்தார். "மாத்துறதுக்கு முந்தியே அதை அஞ்சு நிமிஷமாக் குறைச்சிருக்கணும். மறந்துட்டேன். ஒருதரம் கேட்டுக்கிட்டவன் ரெண்டு நாளைக்குத் திரும்பக் கேக்கவே மாட்டானே! ஒவ்வொருத்தன்கிட்டயா போயி மறக்கச் சொல்ல முடியுமா குருவே?"

"யார் யார்னு நமக்குத் தெரியாது. எங்க வாராங்கன்னு தெரியும்லா?"

"பழைய எண்ணுக்கு!" என்றார் சீடர். பிறகு ஓடினார்.

பழைய மெஷின் கீழே கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். மின்சாரம் கொடுத்தார், பழைய எண்ணைக் கொடுத்தார். வேலை ஒன்றே ஒன்றுதான் கொடுத்தார்: யார் வந்தாலும் புது மெஷினிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

மணி இரண்டே கால். முதல் நிமிடம் நாற்பது பேர் வந்தார்கள். அடுத்த நிமிடம் நூற்றுப்பத்து. ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை. மொத்த அலுவலகமும் திரைக்கு முன்னால் கூடிவிட்டது, யாரோ விசிலடித்தார்கள். சீடரின் போன் அலறியது.

"எப்பா! திறந்துட்டுப்பா! விண்ணப்ப நம்பர் வந்துட்டு!"

"வந்துட்டா! வந்துட்டாடே!" என்று ஐம்பத்திரண்டு வயது மனிதர் நாற்காலியைச் சுற்றி ஆடினார். அவ்வளவு சந்தோஷம். குருவும் கைதட்டினார்.

ஐந்து மணிக்குக் கணக்குப் பார்த்தார்கள். பழைய எண்ணைத் தேடி வந்து புது இடம் சேர்ந்த பிள்ளைகள் இரண்டாயிரத்து முந்நூற்று ஆறு பேர்.

சீடர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மெஷினின் பொத்தானுக்கு அருகே விரலைக் கொண்டுபோய், ஏனோ எடுத்துக்கொண்டார்.

"இதை எப்ப அணைக்கலாம் குருவே?"

"ரெண்டு நாள் இன்னும் முடியலையே, எண்ணு மாறுனது தெரியாம யாராவது வந்துட்டு இருப்பாங்க அண்ணாச்சி. அவங்களும் வந்து சேரட்டும்."