கடைசல் போட்ட சக்கரம்

கோயமுத்தூருக்குத் தெற்கே பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டுகிற ஷெட் ஒன்று. நடத்துகிறவள் பூங்கோதை. அவளிடம் இன்ஜின் வேலை கற்க வந்தவர் ராக்கியப்பன். வயதில் அவளைவிடப் பத்து வருஷம் மூத்தவர். பாதி ஆயுளை லேத்துப் பட்டறையில் கழித்தவர். பாடம் கேட்கிறவர் அவர்தான். ஆனாலும் அவள் அவரை அண்ணா என்பாள், அவர் அவளை அம்மிணி என்பார்.

அந்த வாரம் நவ்ஷாத்தின் கார் ஷெட்டில் கிடந்தது. டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் முன்னால் வந்தால் பெரிய அணி ஒன்று அவனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அது தப்பினால் மறுபடி டாக்ஸிதான்.

இன்ஜினைத் திருத்தி, முன்னைவிட வேகமாகச் சுற்றும்படி செய்தாயிற்று. பாக்கி இருந்தது ஃப்ளைவீல். இன்ஜினின் வால்பக்கம் கூடவே சுற்றுகிற கனத்த சக்கரம் அது. அது லேசானால் இன்ஜின் சட்டென்று எழும்பும்.

ராக்கியப்பன் கேட்டார்: "வார்ப்பிரும்பு, ஸ்டீலு, அலுமினியம். இதுல எதுங்க அம்மிணி நல்லது?"

"நவ்ஷாத்துக்கு ஸ்டீல்."

"அலுமினியம் இன்னும் லேசாச்சுங்களே?"

"ரொம்ப லேசு. கிளம்பற இடத்துலயே இன்ஜினை நிறுத்திப்போடுவான். கிளட்ச்சுல அவனுக்குக் கால் இன்னும் பதமாகல."

"கேக்குதுக்கா" என்றான் நவ்ஷாத், காருக்கு அடியிலிருந்து.

"கேக்கட்டும்னுதான் சொன்னேன்."

ஸ்டீல் சக்கரத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் வந்து சேரவில்லை.

சனிக்கிழமை காலையில் ராக்கியப்பன் எதையோ சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பிரித்தால், காரில் இருந்த பழைய ஃப்ளைவீல். வார்ப்பிரும்பு. லேத்தில் ஏற்றி மெலிசாகக் கடைந்திருந்தார். கண்ணாடி மாதிரி மின்னியது.

"ஸ்டீலு எடைக்கே கொண்டாந்துட்டேனுங். எடை ஒண்ணுன்னா, எதுல இருந்தா என்னங்க?"

பூங்கோதை விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். "வேலை சுத்தம்ண்ணா. கடையாத பழைய சக்கரம் வேற கைல இருக்கா?"

"இல்லீங்க. இது ஒண்ணுதான்."

அவள் சக்கரத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். பிறகு, "மாட்டுங்க" என்றாள்.

இன்ஜின் காருக்கு வெளியே, ஸ்டாண்டில் நின்றது. ராக்கியப்பன் சக்கரத்தை மாட்டி போல்ட்டுகளை முறுக்கினார். பூங்கோதை சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆக்சிலேட்டர் வயரை மெல்ல மெல்ல இழுத்தாள். சத்தம் ஏறியது. தகரக் கூரை அதிர்ந்தது.

ராக்கியப்பன் நகர்ந்து இன்ஜினுக்கு முன்பக்கம் வந்து நின்றார். போகிற போக்கில், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நவ்ஷாத்தின் சட்டையைப் பிடித்து அவனையும் இழுத்துக்கொண்டார்.

அவள் வயரை விட்டாள். சத்தம் இறங்கியது.

"எதுக்குண்ணா நகந்தீங்க?"

"இதென்னங் கேள்வி? சக்கரம் சுத்தற விளிம்புக்கு நேரா யாராச்சும் நிப்பாங்களா? வார்ப்பிரும்பாச்சே. மிஞ்சிச் சுத்துனா உடைஞ்சு தெறிச்சுப்போடும். ஸ்டீலுன்னாக்கூடத் தாங்கும்..."

அவர் தான் கடைந்த சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்ஜினைக் காருக்குள்ள இறக்குனா, அந்த நேருக்கு என்ன வருது?"

ராக்கியப்பன் நவ்ஷாத்தைப் பார்த்தார். "இவன் காலுங்க."

நவ்ஷாத் முன்னால் வந்தான். "அக்கா, கட்டாயம் தெறிக்குமா?"

"தெரியாது."

"தெறிக்காமயும் இருக்கலாமில்ல?"

"இருக்கலாம்."

"அப்புறம் என்னக்கா? ஒரே ஒரு பந்தயம். காலு என்னுது. நான் சரிங்கறேன்."

ராக்கியப்பனுக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. இருந்த ஒரு சக்கரத்தையும் கடைந்து கெடுத்தவர் அவர். விறுவிறுவென்று நடந்து போய், சக்கரத்தின் நேருக்கு, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், காலை ஊன்றி நின்றார்.

"முறுக்குங்க அம்மிணி. பந்தயத்துல எத்தனை வேகமோ அத்தனையும் முறுக்குங்க. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா இவனை அனுப்பி வைங்க."

பூங்கோதையின் கை வயரின்மேல் இருந்தது. அவரைப் பார்த்தாள். அவர் கால்களைப் பார்த்தாள். இன்ஜின் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.

பிறகு சாவியைத் திருப்பி உருவி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எனக்காகப் பாக்காதீங்க" என்றார் ராக்கியப்பன். "நான்தான் சொல்றேனில்ல? முறுக்குங்க."

"முடியலைங்ண்ணா."

"ஏனுங்?"

"பானெட்டை மூடிட்டா, சக்கரத்துக்கு நேரா ஒரு ஆளு காலு இருக்கறது தெரியறதில்ல. இப்ப நீங்க அங்க நிக்கறது தெரியுது."