நாரைகளுக்கு முன்னே குடிபோனவர்

இந்தக் கதையைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ராஜா ஒரு முறை சிரித்தாரா, இரண்டு முறையா என்பதிலேயே சந்தேகம். எந்த நாடு என்பதும் மறந்துவிட்டது. முன்னொரு காலத்தில் என்று வைத்துக்கொள்வோம்; ஏரிகளை நாரைகள் தேடி வந்த ஒரு காலம்.

அந்த நாட்டு ராஜா ஒரு தேர் செய்வித்தார். அவ்வளவு நீளமான தேரை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது, அது எந்த வளைவிலும் திரும்பாது என்று. தேரைக் குறைக்க ராஜாவுக்கு மனம் வரவில்லை. அரண்மனை வாசலிலிருந்து கடற்கரை வரை நேராக ஒரு சாலை போடச் சொன்னார். அந்த நேர்கோடு கிழக்கு ஏரிக்கரையின் கடம்ப மரங்களுக்குள் புகுந்தது. அந்த மரங்களில் இலையைவிடக் கூடுகள்தான் அதிகம். கூட்டுக்குக் கூடு நாரைக்குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன.

“மரங்களை வெட்டலாம். ஆனால் ஒரு குஞ்சுகூடச் சாகக் கூடாது. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்,” என்றார் ராஜா.

சபையில் மந்திரி விழுப்பரையர் மட்டும் எழுந்தார். விகடகவி கூத்தையனுக்கு ராஜா தன் பக்கத்தில் இருக்கை கொடுத்த நாளிலிருந்து மந்திரிக்குச் சாப்பாடு சரியாக இறங்குவதில்லை.

“மகாராஜா, மேற்கு ஏரி காலியாகத்தானே கிடக்கிறது? தண்ணீரும் உண்டு, மரமும் உண்டு. நாரைகளை அங்கே குடிமாற்றிவிடலாம். யாரையும் பேசியே சம்மதிக்க வைப்பவன் நம் கூத்தையன். அவனையே அனுப்புங்கள்.”

ராஜாவுக்கு அது பிடித்துவிட்டது. “கூத்தையா, பௌர்ணமிக்குள் நாரைகள் அங்கே போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீ போக வேண்டும், என் நாட்டை விட்டே.”

கூத்தையன் ஏரிக்குப் போய் மரத்தடியில் நின்றான். நாரைகளிடம் என்ன பேசுவது என்று அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. அண்ணாந்து வாயைத் திறந்தான். தலைப்பாகையில் எச்சம் விழுந்தது. வாயை மூடிக்கொண்டான்.

அரண்மனைச் சேதி காதில் விழுந்திருந்த மீனவப் பெண் காத்தாயி கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தாள்; சிரித்துவிட்டாள். “இன்னா சாமி, பேசி முடிச்சாச்சா? இன்னா சொல்லுதுங்க?”

“ஒண்ணும் சொல்லலம்மா.”

“எப்படிச் சொல்லும்? எங்கள கோட்டை மேட்டுலேர்ந்து கெளப்பனப்ப, எடம் காட்டுன அதிகாரி மொதல்ல அங்க குடிசை போட்டு, பால் காய்ச்சி, எங்கள மாதிரியே தங்கிப் பாத்தாரு. அதான மொறை? தேள் கொட்டி அவரே அலறிக்கினு ஓடியாந்தாரு. அப்பறம்தான் இந்த எடம் குடுத்தாங்க. இதுங்களுக்கு முன்ன யாரு போய்த் தங்குனா?”

ஒரு நாரை மீனோடு வந்து, குஞ்சுக்கு ஊட்டி, பறந்து போய், மறுபடியும் வந்தது. அதுவரைக்கும் கூத்தையன் அங்கேயே நின்றான். பிறகு விறுவிறுவென்று அரண்மனைக்கு நடந்தான்.

“மகாராஜா, குடிமாற்றுவதற்கு நம் நாட்டில் ஒரே முறைதான். இடத்தைக் காட்டியவர், குடிபோகிறவர்கள் வாழ்கிறபடியே அங்கே முதலில் வாழ்ந்து பார்க்க வேண்டும்.”

“ஆமாம். அதற்கென்ன?”

“இடத்தைக் காட்டியவர் மந்திரியார்.”

ராஜாவுக்கு உடனே புரியவில்லை. விழுப்பரையருக்குப் புரிந்துவிட்டது. “நாரைகள் என்ன, குடிமக்களா?” என்று கத்தினார்.

“இல்லையென்றால் அவற்றைப் போகச் சொல்லி உத்தரவு போட முடியாதே, அமைச்சரே.”

ராஜா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இருவர் சொல்வதும் சரியாகவே பட்டது. தலை வலித்தது. “முறை என்றால் முறைதான். நீர் போய்த் தங்கும்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மேற்கு ஏரியில் ஒரு கருவேல மரத்தின் மேல் சுள்ளிகளால் பெரிய கூடு கட்டினார்கள். மரத்தடியில் பால் காய்ச்சினார்கள். மந்திரியை ஏற்றிவிட்டார்கள்.

பௌர்ணமியன்று ராஜா பல்லக்கில் வந்து அண்ணாந்து பார்த்தார். கூட்டின் விளிம்பில் மந்திரியின் முகம் தெரிந்தது.

“இடம் எப்படி இருக்கிறது?”

“கிளை முழுக்க முள், மகாராஜா! காற்றடித்தால் கூடு ஊஞ்சலாடுகிறது. பருந்து என் தலைப்பாகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மீன் பிடித்துத்தான் சாப்பிட வேண்டுமாம். இந்த ஏரியில் பாசியைத் தவிர ஒன்றுமே இல்லை!”

“தண்ணீரும் உண்டு, மரமும் உண்டு என்றீரே?”

“பிள்ளைகுட்டியோடு இங்கே எவன் வருவான், மகாராஜா? கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்!”

கூத்தையன் கீழே நின்றான். அவன் சொல்ல வேண்டியதையெல்லாம் மேலே இருந்தவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

ராஜா பல்லக்கு ஆடும்படி சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் முகம் வாடியது. “நீ எங்கேயும் போக வேண்டாம், கூத்தையா. ஆனால் என் சாலை? கிழக்கு ஏரியைச் சுற்றிப் போனால் தேர் திரும்பாதே.”

“தேரை அறுத்தால் அதற்கு வலிக்காது, மகாராஜா.”

ராஜா தச்சரைக் கூப்பிடச் சொன்னார்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த மழைக்காலத்தில், மந்திரி விட்டுவிட்டு வந்த அந்தக் கூட்டில் ஒரு ஜோடி நாரை குடியேறியது. விழுப்பரையர் மூச்சிரைக்க ஓடி வந்தார். “பார்த்தீர்களா மகாராஜா? நான் அன்றே சொன்னேன்!”

ராஜா குழம்பிப்போனார். “கூத்தையா, மீனே இல்லாத ஏரிக்கு அவை ஏன் வந்தன?”

கூத்தையனுக்கும் புரியவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் சொன்னான்: “தெரியவில்லை, மகாராஜா. இந்த முறை யாரும் போகச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ.”

ராஜா அப்போதும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

சாலை கிழக்கு ஏரியைச் சுற்றி வளைந்து கடலுக்குப் போனது. தேர் பாதியானது. அறுத்த பாதியை ராஜா கூத்தையனுக்குப் பரிசாகக் கொடுத்தார். அவன் அதில் ஒரு கட்டில் செய்துகொண்டான். விழுப்பரையர் மந்திரியாகவே இருந்தார். யாருக்கும் இடம் காட்டுவதை மட்டும் விட்டுவிட்டார். காத்தாயி அதே கரையில் வலை உலர்த்தினாள். நாரைகள் மழைக்கு வந்தன, குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் போயின.