மேலே ஒரு வரி

"அப்டேட் போட்டேன். டச்பேட் செத்துப்போச்சு. எப்படியாவது சரி பண்ணிக் குடுங்கம்மா."

கேட்டவர் பெயர் தணிகாசலம். மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. லேப்டாப்பைத் தலையணை உறைக்குள் போட்டு, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மாடி ஏறி வந்திருந்தார்.

அவர் கேட்டது எங்கள் குருவிடம்.

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். பெயர் அமலோற்பவம். பெயர்தான் பழசு, ஆளுக்கு முப்பத்துநாலு வயது. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்க்கிறார். முத்தியால்பேட்டையில் ஒரு தையல்கடை மாடியில், ஞாயிறு காலைகளில், கம்ப்யூட்டரை ஓட்ட லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தை வைத்திருக்கிற நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். முதலில் கிண்டலாகத்தான் அவரைக் குரு என்று கூப்பிட்டோம். அப்புறம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

குருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கொண்டுவந்த மெஷினைத் தொடமாட்டார். என்ன நடந்தது என்று தேதி போட்டு, வரிசையாக, ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு வரி விட்டுப்போயிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எனக்கு இந்த வழக்கமே பிடிக்காது. நான் அவசரக்குடுக்கை. கண்ணெதிரே மெஷின் இருக்கும்போது தாளில் என்ன இருக்கிறது?

தணிகாசலத்திடம் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தாளோடுதான் வந்திருந்தார். பதினேழு வரி.

முதல் வரி இது: 'மூன்றாம் தேதி. அப்டேட் போட்டேன். டிரைவர் மாறிவிட்டது.'

டிரைவர் என்றால், விரல் சொல்வதைக் கம்ப்யூட்டருக்கு எடுத்துச் சொல்கிற புரோகிராம். மீதிப் பதினாறு வரியும் அதற்கு அப்புறம் அவர் பார்த்த வைத்தியம். அணைத்துப் போட்டிருக்கிறார். பழைய செட்டிங்கைத் திரும்ப வைத்திருக்கிறார். எங்கேயோ எவரோ எழுதிப்போட்ட கட்டளைகளை எழுத்து எழுத்தாகத் தட்டியிருக்கிறார். பாவம், ஒன்றையும் விடவில்லை.

குரு படித்தார். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுக்கு மேல ஒரு வரி இருக்குங்கய்யா. அதை எழுதிட்டு வாங்க."

"மேல ஒண்ணும் இல்லம்மா. அன்னிக்குத்தான் ஆரம்பிச்சுது."

"எழுதிட்டு வாங்க."

அவர் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

லேப்டாப் அவருடையது இல்லை. மனைவி வேதவல்லியுடையது. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். நான்கு வருடம் முன்பு நரம்பில் ஒரு நோய் வந்தது. முதலில் கால் போனது, பிறகு கை, பிறகு நாக்கு. புத்தியை மட்டும் அது தொடவில்லை. தன் உடம்பில் என்னென்ன போகிறது என்று அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறார்.

கடைசியில் மிஞ்சியது வலது கை ஆள்காட்டி விரல்.

பழைய மாணவர் ஒருவர் இந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாராம். திரையில் எழுத்துகள் கட்டம் கட்டமாக இருக்கும். டச்பேடில் விரலை நகர்த்தினால் அம்புக்குறி நகரும். ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்க வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு அரைமணி ஆகும். ஆனாலும் பேச்சு பேச்சுதானே. அந்த மாணவர் இப்போது கனடாவில். போனை எடுப்பதில்லை.

வேதவல்லி கடைசியாக எழுதியது, 'உங்களை ஒன்று கேட்கணும்.'

அத்தோடு நின்றுவிட்டது.

"என்ன கேக்க வந்தாளோ தெரியலம்மா. அந்த அப்டேட்டை நான்தான் தட்டினேன். அவ வாயை நானே அடைச்சுட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார். கூட்டத்தில் ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை.

குரு அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு மறுபடியும் அதையேதான் சொன்னார், மேலே ஒரு வரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது என்ன ஈவு இரக்கம் இல்லாத பிடிவாதம்? வீட்டில் ஒரு மனுஷி வாயடைத்துக் கிடக்கிறாள், இங்கே வரி எண்ணிக்கொண்டிருக்கிறார்.

தணிகாசலம் கிளம்பியதும் பின்னாலேயே இறங்கி, அவரைப் படிக்கட்டில் உட்காரவைத்து, லேப்டாப்பை வாங்கிப் பார்த்தேன். பிடி கிடைத்துவிட்டது. லேசாகத் தொட்டாலே போதும் என்று அந்த மாணவர் அழுத்தத்தின் வரம்பைப் பத்துக்கு இறக்கி வைத்திருந்தார். புது டிரைவர் அந்தப் பழைய ஃபைலைப் படிப்பதே இல்லை. முப்பதுக்குக் குறைந்தால் அதை விரல் என்றே ஒத்துக்கொள்ளாது.

புது டிரைவர் படிக்கிற இடத்தில் அதே பத்தை எழுதினேன். விரலை வைத்துப் பார்த்தேன். அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது.

தணிகாசலமும் வைத்துப் பார்த்தார். ஓடியது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. குருவால் ஆகாததை நான் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று வீட்டில்கூடச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. வேதவல்லியின் விரலை எடுத்து வைத்தால் அம்புக்குறி அசையவில்லையாம். வரம்பை இன்னும் இறக்குங்கள் என்றேன். எப்படி என்று சொல்லியும் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி வந்தார். சவரம் செய்யாத முகம். உட்காரக்கூட இல்லை. நின்றுகொண்டே சொன்னார்.

ஐந்துக்கு இறக்கினாராம், ஒன்றும் இல்லை. இரண்டுக்கு இறக்கியதும் அம்புக்குறி அசைந்தது. திரையில் எழுத்து விழுந்தது. ஒரு க, ஒரு ம, பிறகு மூன்று ப. விழ விழ ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். காலை பத்து மணியிலிருந்து சாப்பாட்டு நேரம்வரை, அந்த எழுத்துகளைச் சேர்த்தும் பிரித்தும் மாற்றிப் போட்டும், மனைவி என்ன சொல்கிறாள் என்று கண்டுபிடிக்கப் பார்த்திருக்கிறார். ரொம்ப நாள் கழித்து அவள் பேசுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்.

மதியம் நர்ஸ் வந்து, உடம்பு துடைப்பதற்காக வேதவல்லியின் கையை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"கை இங்க இருக்கும்மா. அங்க எழுத்து விழுந்துக்கிட்டே இருக்கு. யாரும் தொடல. அதுவா எழுதுது."

வரம்பை அவ்வளவு இறக்கினால் சார்ஜர் வயரில் வருகிற சின்ன மின்கசிவுகூட விரலாகத் தெரியும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மனுஷரை ஒரு சார்ஜரோடு உட்காரவைத்துப் பேசவிட்டவன் நான்.

இன்னொன்றும் சொன்னார். வேதவல்லிக்கு மூச்சு குறைந்துகொண்டே வருகிறதாம். தொண்டையில் துளை போட்டு மெஷின் வைக்க வேண்டும், வைத்தால் அப்புறம் அதோடுதான் இருந்தாக வேண்டும், அந்த அம்மாவின் சம்மதம் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதில் சொல்லியாக வேண்டும்.

"எழுத முடியாதவகிட்ட எப்படிம்மா சம்மதம் கேக்கறது?"

குரு என் பக்கம் திரும்பினார்.

"யார் விரலை வச்சு சோதிச்சீங்க?"

"என் விரல்தான்."

திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

அவர் தணிகாசலத்துக்கு ஒரு கட்டளையை எழுதிக் கொடுத்தார். டச்பேடில் விரல் எவ்வளவு அழுத்துகிறது என்று அது எண்ணாகக் காட்டும். தினமும் மூன்று வேளை வேதவல்லியின் விரலை வைத்து, எழுதச் சொல்லிக் கேட்டு, வருகிற எண்ணைக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். வேறு யாருடைய விரலும் வேண்டாம் என்றார். பழைய தாளையும் மறக்காமல் எடுத்து வரச் சொன்னார்.

மூன்றாவது ஞாயிறு. மறுநாள் ஆஸ்பத்திரி.

ஆறு நாள், பதினெட்டு எண்கள். எல்லாம் நான்கு. ஓரிடத்தில் மட்டும் மூன்று.

குரு லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். அதே கட்டளையை ஓடவிடச் சொன்னார்.

"ஐயா, உங்க விரலை அது மேல வையுங்க. அமுக்காதீங்க, நகர்த்தாதீங்க. தூங்கறவங்க விரல் எப்படி இருக்கும், அப்படிப் போடுங்க."

தணிகாசலம் போட்டார். குரு என்னை எண்ணைப் படிக்கச் சொன்னார்.

படித்தேன். நான்கு.

அவர் விரலை எடுக்கவில்லை. நெடுநேரம் அப்படியே வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய டிரைவரில் வரம்பு எத்தனை என்று குரு என்னிடம் கேட்டார். பத்து என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. பழைய டிரைவர் அப்படியே இருந்திருந்தாலும் அந்த அம்மாவின் விரலை அது கேட்டிருக்காது.

தணிகாசலம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாளை விரித்தார். முதல் வரிக்கு மேலே, ஓரத்தில் கிடந்த கொஞ்ச இடத்தில், நுணுக்கி எழுதினார்.

'முந்தின மாதம் இருபத்தைந்தாம் தேதி. விரல் நின்றுவிட்டது.'

அப்டேட் போட்டது மூன்றாம் தேதி. எட்டு நாள் கழித்து.

"புதுசு போட்டா அதுக்காவது அவ தொடறது தெரியும்னு நெனச்சேம்மா."

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"அப்புறம், அப்டேட்டாலதான் போச்சுன்னே வச்சுக்கிட்டேன். என் தப்பா இருந்தா சரி பண்ணிடலாம் இல்லியா."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தப் படிக்கட்டும், நான் அலட்டிக்கொண்டதும் ஞாபகத்துக்கு வந்து, அந்தக் கோபமும் போய்விட்டது.

குரு கேட்டார். "விரல் போச்சு. சரிங்கய்யா. வேற எது அசையுது?"

அவர் தரையைப் பார்த்தார்.

"கண்ணு."

"எப்படி?"

"சிமிட்டுவா. ஆமான்னா ஒரு தடவை. இல்லன்னா ரெண்டு தடவை."

தண்ணீர் கேட்பது, புரண்டு படுப்பது, ஃபேனைக் குறைப்பது எல்லாம் அப்படித்தானாம், ஆறு மாதமாக. மூன்று ஞாயிறு வந்தும் எங்களிடம் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினேழு வரியில் ஒரு வரியிலும் கண் இல்லை. நான் வாயைத் திறந்தேன். குரு கையை உயர்த்தினார், மூடிக்கொண்டேன்.

அந்த அம்மா கேட்க வந்தது என்னவென்று கண்ணைப் பார்த்துக் கேட்டீர்களா என்று குரு விசாரித்தார்.

கேட்டேன் என்றார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். அவர் கேட்ட கேள்விகளையெல்லாம் அதில் எழுதி வைத்திருந்தார். தங்கையைப் பார்க்கணுமா? வேறு டாக்டரிடம் போகலாமா? வில்லியனூர் மாதா கோயிலுக்கு நேர்ந்துக்கவா? நர்ஸை மாற்றணுமா? படுக்கை உறுத்துகிறதா? என் மேல் ஏதாவது கோபமா? பக்கம் பக்கமாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கோடு. இல்லை, இல்லை, இல்லை.

'என் மேல் கோபமா' என்பதை மட்டும் நான்கு இடத்தில் எழுதியிருந்தார். நான்கிலும் இரண்டு கோடு.

குரு கடைசிப் பக்கம்வரை படித்தார். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். இந்த முறை திருப்பிக் கொடுக்கவில்லை.

"மூச்சு மெஷின் வேண்டாமான்னு கேட்டீங்களா?"

தணிகாசலம் எழுந்தார். லேப்டாப்பைத் தலையணை உறைக்குள் நுழைக்கப் பார்த்தார். உறையின் வாய் அகப்படவில்லை. நான் பிடித்துக் கொடுத்தேன்.

"ஐயா."

"கேக்கலம்மா."

"ஏன்?"

"கேட்டா, ஒரே தடவைதான் சிமிட்டுவா."