கோபுரத்து அணிலும் பச்சைத் தொட்டிலும்

கோபுரத்தில் குடியிருந்தால் புத்தியும் உயர்ந்துவிடுமா? நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கோயில் கோபுரத்தில் ஓர் அணில் இருந்தாள். குட்டி போடும் நாள் நெருங்கிவிட்டது. குட்டிகளைப் படுக்க வைக்க இடம் இல்லை. நார் கொண்டுவந்து கூடு கட்டவோ அவளுக்கு உடம்பு வணங்கவில்லை.

"குளத்தங்கரைத் தோப்பில் கைவேலைக்காரர்கள் இருக்கிறார்களாமே! ஒரு தொட்டில் கிடைக்காமலா போகும்?" என்று வாலை நிமிர்த்திக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினாள்.

முதலில் குளவி. மண்குடம் வனைந்துகொண்டிருந்தது. வேலையை நிறுத்திவிட்டு, "வாங்கக்கா! நிழல்ல உட்காருங்க!" என்றது.

"இதுக்குப் பேர் குடமா? எறும்பு வாய் கொப்புளிக்கக்கூடப் பத்தாதே!" என்றாள் அணில்.

அடுத்தது மரங்கொத்தி. தான் குடைந்த வீட்டை ஆசையாகத் திறந்து காட்டியது.

"வீடா? இது ஓட்டை!"

"வெயில்ல வந்த பிள்ளைத்தாச்சி, ஏதோ பேசுது" என்று இரண்டும் சிரித்துக்கொண்டன.

அத்திமரத்தில் தையல்சிட்டு இருந்தாள். அகலமான ஓர் இலையைச் சுருட்டி, ஓரத்தில் அலகால் துளை போட்டு, பஞ்சு நூல் கோத்து, அழகாக ஒரு தொட்டில் தைத்திருந்தாள். அணிலின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

"இதை எனக்குக் குடுத்துடு!"

"நாளைக்கு நான் முட்டை வைக்கணும் அக்கா. உங்க இடத்துல நல்ல இலையா ஒண்ணு காட்டுங்க, வந்து தைச்சுத் தர்றேன். இலையைப் பறிக்காம, மரத்துல இருக்கிறப்பவே தைக்கிறதுதான் எங்க வழக்கம்."

'குடுக்க மனசில்ல. வழக்கமாம் வழக்கம்! பட்டிக்காடு!' என்று அணில் சிட்டின் காதில் விழும்படியே நொடித்துக்கொண்டாள். உள்ளே மெத்தை போடப் பஞ்சு எடுக்கச் சிட்டு பறந்ததுதான் தாமதம், காம்பைக் கடித்துத் தொட்டிலோடு ஓடிவிட்டாள்!

கோபுரத்துச் சுதைப் பொம்மையின் விரலில் தொட்டிலை மாட்டினாள். குட்டிகளும் பிறந்தன. "பார்த்தீங்களா என் தொட்டிலை?" என்று கிளிகளிடம் ஓயாமல் பீற்றிக்கொண்டாள்.

கோபுரத்து வெயில் சும்மா விடுமா? இலை காய்ந்தது. தையல் போட்ட துளைகள் ஒவ்வொன்றாகக் கிழிந்தன. ஒருநாள் படாரென்று தொட்டில் பிளந்தது. இரண்டு குட்டிகளும் கீழே இருந்த சுதை யானையின் முதுகில் விழுந்தன. உயிர் போகவில்லை. ஆனால் மேலே பருந்து வட்டமிடத் தொடங்கிவிட்டது.

"ராணியம்மா, தொட்டில் அப்பளமாயிடுச்சே! நொறுக்கிக் குட்டிகளுக்கு ஊட்டுங்க!" என்று கிளிகள் கைகொட்டாத குறையாகச் சிரித்தன.

ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விக்கொண்டு, அணில் தோப்புக்கே ஓடி வந்தாள்.

"வாங்க, வாங்க! அவசரத்துக்கு எங்க ஓட்டை பரவாயில்லையா?" என்றது மரங்கொத்தி. அணில் குட்டிகளை அந்த ஓட்டைக்குள் பத்திரமாக வைத்துவிட்டுச் சிட்டிடம் போனாள். சிட்டு மறுபடி முதலிலிருந்து தைத்த புதுக்கூட்டில் அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, ஒரே ஒரு தொட்டில் தைச்சுக் குடு. கோபுரத்துக்குத் தூக்கிட்டுப் போயிடறேன்!"

"கோபுரத்துல இலை முளைக்குதா அக்கா? இலை உயிரோட இருந்தாத்தான் தையல் நிக்கும். அன்னைக்கே சொன்னேன், உங்க காதுல ஏறல. தொட்டில் வேணும்னா இந்தப் பட்டிக்காட்டுக்கே குடி வாங்க."

அணில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சம்மதித்தாள். பிரியமாகச் சொல்கிறவர்களின் பேச்சை இளப்பமாக நினைக்கிறவர்கள், கையில் கிடைத்த நல்ல பொருளையும் பாழாக்கிவிட்டுத்தான் புத்தி பெறுவார்கள்.

சிட்டு அடுத்த இலையில் முதல் துளையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். இந்தத் தடவையாவது காம்புல பல்லை வைக்காதீங்க!"