வீட்டு வாத்து எழுந்து நின்று சிறகடிப்பது ஏன்?

அந்தக் காலத்தில் வீட்டு வாத்து என்று ஒன்று கிடையாது. எல்லா வாத்தும் பறந்தது, எல்லா வாத்தும் பேசியது. கார்த்திகை மழையோடு வடக்கேயிருந்து கூட்டமாக வந்து, காவிரிக் கரைக் குளங்களில் தங்கி, பங்குனியில் தென்றல் எழுந்ததும் திரும்பிப் போகும்.

அப்படி வந்த ஒரு கூட்டத்தில் கருவாலனும் அவன் பெண்சாதி செங்காலியும் இருந்தார்கள். வந்தபோது இருவரும் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார்கள். தை பிறந்தது, அறுப்பும் வந்தது. குளத்தை ஒட்டிய களத்தில் பக்கிரியம்மா என்ற பெண் நெல் தூற்றினாள். அங்கே வைக்கோல் போரின் அடியில் வாகான ஒரு பள்ளத்தைக் கருவாலன் கண்டுபிடித்தான். காற்றில் சிதறும் நெல் சரிந்து வந்து அவன் மூக்குக்கு நேரே நிற்கும். கழுத்தைக்கூட நீட்ட வேண்டாம். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பான்.

"என்னா கருவாலா, நீயும் வைக்கப்போரும் போட்டி போட்டுக்கிட்டு வளர்றீங்களா?" என்று பக்கிரியம்மா சிரித்தாள். செங்காலிக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்தாங்க, இப்படியே உக்காந்திருந்தா பங்குனியில எப்படிப் பறப்பீங்க? மலையத் தாண்டணும்."

"நான் என்ன சும்மாவா இருக்கேன் புள்ள? சாயங்காலம் ஒரே மூச்சா குளத்தச் சுத்தி வர்றேன்ல. உக்காந்ததெல்லாம் அதுல கழிஞ்சிடும்."

"பறக்கிறது ஒரு நாழி. உக்காந்திருக்கிறது பொழுதன்னிக்கும். எப்படிக் கழியும்? பக்கிரியம்மா ஒவ்வொரு கூடையும் தூத்தி முடிக்கிறப்ப எந்திரிங்க. வரப்பு வரைக்கும் நடந்துட்டு வந்து, றெக்கைய அடிச்சுக் காட்டுங்க. குளத்துலேருந்து நான் பாத்துக்கிறேன்."

கருவாலன் ஒப்புக்கொண்டான். முதலில் சொன்னபடியே செய்தான். கூடை காலியானதும் எழுந்தான், நடந்தான், திரும்பி வந்து சிறகடித்தான். குளத்திலிருந்து செங்காலி சந்தோஷமாக ஒரு குரல் கொடுப்பாள். அவன் வயிறு கொஞ்சம் வற்றியது. மாலையில் பறக்கும்போது மூச்சு வாங்குவதும் குறைந்தது.

பிறகு ஒரு நாள் வெயில் இதமாக இருந்தது. பள்ளத்தில் நெல்லும் நிறையக் கிடந்தது. கூடை காலியானபோது கருவாலன் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சிறகை அடித்து, வாலையும் ஒரு ஆட்டு ஆட்டினான். குளத்து நடுவில் நீந்துகிறவளுக்குச் சிறகடிப்பு மட்டும்தானே தெரியும்? அதே சந்தோஷக் குரல் வந்தது. அது அவனுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் எழுந்திருக்கும் அளவுக்குச் சுருக்கென்று இல்லை. மறுநாளும் அப்படியே செய்தான். சாயங்காலப் பறத்தலுக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு சாக்குச் சொன்னான். அவள்தான் பகலெல்லாம் அவன் எழுந்து நடக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தாளே, அதனால் வற்புறுத்தவில்லை.

பங்குனியில் தென்றல் எழுந்தது. கூட்டம் கிளம்பியது. கருவாலனும் ஓடினான், சிறகடித்தான், பனைமரத்துப் பாதி உயரம் போனான். அதற்கு மேல் உடம்பு ஏறவில்லை. தொப்பென்று அறுத்த வயலில் விழுந்தான்.

செங்காலி திரும்பி வந்து அவன் பக்கத்தில் இறங்கினாள்.

"தெனமும் எந்திரிச்சுக் காட்டுனீங்களே?"

கருவாலன் தலையைத் தொங்கப்போட்டான். "உக்காந்துக்கிட்டேதான் காட்டினேன் புள்ள."

அவள் அவன் சிறகில் ஒட்டியிருந்த வைக்கோலை அலகால் எடுத்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அங்க போய்த்தான் நான் முட்ட வெக்கணும். இந்த வெயில குஞ்சு தாங்காது," என்றாள் கடைசியில். "இனிமேலாவது எந்திரிங்க. கார்த்திகைக்கு நான் இங்கதான் வருவேன். வேற எங்கயும் போயிடாதீங்க."

அவள் போனாள். கண்ணுக்கு மறையும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பக்கிரியம்மா கருவாலனைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கொல்லையில் விட்டாள். அன்றிலிருந்து யாரும் சொல்லாமலே அவன் எழுந்தான். கொஞ்சம் உட்காருவான், எழுந்து வரப்புக்குப் போவான், வருவான், மறுபடி எழுவான். உடம்பு இளைத்தது. ஆவணிக்குள் பனைமரத்தைத் தாண்டிப் பறந்தான். அதை அவளுக்குக் காட்ட வேண்டும் என்பதே அவன் நினைப்பெல்லாம்.

கார்த்திகையில் கூட்டம் வந்தது. அதில் செங்காலி இல்லை.

"போற வழியிலேயே விட்டுட்டோம்," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "உங்களத் தேடி பின்னாடி பாத்துக்கிட்டே வந்தா. மலையத் தாண்டுறப்ப பெருங்காத்து. அதுல பின்தங்கிட்டா. அப்புறம் நாங்க பாக்கல."

பங்குனியில் அந்தக் கூட்டம் அவனையும் கூப்பிட்டது. அவனால் இப்போது எந்த மலையையும் தாண்ட முடியும். ஆனால் அவன் போகவில்லை. இங்கேதான் வருவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். காத்திருந்தான். பறந்து போக இடமில்லாத சிறகு மெல்ல மெல்லப் பறப்பதை மறந்தது. அவனுக்குப் பிறகு அந்தக் கொல்லையில் தங்கிவிட்ட வாத்துகளுக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

அன்று முதல்தான் வீட்டு வாத்து ஓரிடத்தில் நெடுநேரம் உட்காருவதில்லை. நடந்துகொண்டே இருக்கிறது. நடுவில் நின்று, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்து, சிறகை விரித்து அடித்து, வாலை ஆட்டிக் காட்டுகிறது. இப்போது உட்கார்ந்துகொண்டு அல்ல, எழுந்து நின்றுதான் காட்டுகிறது.